தடிமனும் கைமருந்தும்

ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும், பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளை முதலிய இடங்களிலுள்ள தோட்டப் பாடசாலைகளில் வரவு குறைதலை ஆசிரியர் யாவரும் அறிவர். வந்த பிள்ளைகளுட் பலரும் மூக்கொழுக இருமிக்கொண்டு வாங்கில் அமர்ந்திருப்பர். "தடிமன்தானே, மல்லித் தண்ணீர் குடித்தால் மாறிவிடும்" என்பதே நாம் வழக்கமாகக் கூறும் விடை. அவ்விடை பெரும்பாலும் சரியே. எப்பொழுது அது போதாதென்பதை அறிதலே இப்பாடத்தின் நோக்கமாம்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் மருந்து என்பது. அதன்கண் உள்ள பத்துக் குறள்களுட் பெரும்பாலன உணவின் அளவையே பேசுகின்றன. அதன்பின் நோயையும், அதன் காரணத்தையும், அது தணியும் வழியையும் முறையே ஆராய்க என்று நாயனார் பணிக்கின்றார். இறுதியில், நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றார். மருத்துவன் மலைக்கு அப்பாலிருக்கும் தோட்டத்தில் இந்நான்காம் கூறு தாயையும் பாட்டியையும், அவர்க்கு அடுத்தபடியாக ஆசிரியரையுமே சார்கின்றது.

நோயின் முதல்

தடிமனை ஐயத்தின் மிகுதி என்று சித்த வைத்திய நூலார் கூறுவர். 200க்கு மேற்பட்ட வைரசு வகைகளால் அஃது உண்டாகின்றதென்றும், இருமல் தும்மலாலும் கைகளாலும் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்குத் தொற்றுகின்றதென்றும் இக்கால ஆராய்ச்சி காட்டுகின்றது. மழைக்காலத்தில் பத்தடிக்குப் பன்னிரண்டடியான லயத்துக் காம்பராவில், கதவை அடைத்துக்கொண்டு குடும்பம் முழுவதும் உறங்கும்போது நோய் எளிதிற் பரவும். விறகடுப்பின் புகை பிள்ளைகளின் நெஞ்சை மேலும் வருத்தும். ஆதலால் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதலும், சமைக்கும்போது கதவையும் யன்னலையும் திறந்துவைத்தலும் முதன் மருந்துகளாம். தடிமன் 7 முதல் 10 நாட்களில் பெரும்பாலும் தானே தணியும். நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகள் வைரசைக் கொல்லா. ஆதலின் அவற்றைக் கேட்டு வாங்கி விழுங்குதல் வீணாம்.

கைமருந்தின் பயன்

தோட்டத் தொழிலாளர்க்கு மருத்துவ வசதி செய்தல் வேண்டுமென 1912ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. எனினும் இரவிலே இருமும் பிள்ளைக்கு அடுப்படியே மருந்துச்சாலையாயிற்று. இரண்டு மேசைக்கரண்டி மல்லியை இளஞ்சூட்டில் வறுத்து, ஒரு துண்டு வேர்க்கொம்பைத் தட்டிச் சேர்த்து, நான்கு கோப்பை நீர் இரண்டாக வற்றும்வரை காய்ச்சி வடித்து, இளஞ்சூடாகச் சிறிது சிறிதாகக் கொடுப்பது நம்மவர் முறை. அயலிலுள்ள சிங்கள மக்கள் மல்லி, இஞ்சி, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள் என்னும் ஐந்தையுஞ் சேர்த்துப் 'பஸ்பங்குவ' என்று காய்ச்சுவர். சூடான நீர் தொண்டையை ஆற்றும்; சளியை இளக்கும்; உடல் இழந்த நீரை ஈடுசெய்யும். வைரசை அஃது அழிக்குமென்று மாணவர்க்குக் கூறலாகாது.

தேன் முதலிய வீட்டுப் பொருள்கள் இருமலை ஆற்றுதற்கு ஏற்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2001இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. ஆடாதோடையின் பெருமையும் சிறிதன்று. அதன் இலையிலுள்ள வசிசின் என்னும் பொருளை அடியாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்எக்சின் என்னும் மருந்து ஆக்கப்பட்டது. ஆயினும் வசிசின் கருப்பையைச் சுருக்கும் இயல்புடையது. ஆதலின் கர்ப்பிணிப் பெண்கள் ஆடாதோடைக் குடிநீரை விலக்குக.

விலக்கற்பாலன

ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் நாவில் வைத்தலாகாது. அதிற் கலந்திருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்து அக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலிற் புகுந்து கேடு செய்யும். கற்பூரத்தை உட்கொண்ட பிள்ளைக்கு வலிப்பு உண்டாகும். கொதிநீர்ப் பானையருகே சிறுவரை அமர்த்தி ஆவி பிடிப்பித்தல் வெந்த புண்ணுக்கு வழியாம். காய்ச்சலுள்ள பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுத்தலாகாது. காய்ச்சல் டெங்குவாயின் இரத்தப்போக்கு மிகும்.

எல்லை

ஒருமுறை, பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில், நான்கு நாள் வராத மாணவனைத் தேடி நாம் லயத்துக்குச் சென்றோம். அவனுடைய இரண்டு வயதுத் தம்பி பாட்டியின் மடியிற் கிடந்தான். பாட்டி வேளை தவறாது மல்லித் தண்ணீர் கொடுத்துவந்தார். மூச்சிழுக்குந்தோறும் பிள்ளையின் விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்கிற்று. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினோம். நிமிடத்துக்கு 56 மூச்சு. அன்று பிற்பகலே வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட அப்பிள்ளை நிமோனியாவிலிருந்து பிழைத்தான். பாட்டியின் மருந்திற் பிழையில்லை. அதனை நம்பி நான்கு நாள் காத்திருந்ததே பிழை.

ஆசிரியர் மனத்திற் கொள்ளவேண்டிய கணக்கு இது. அழாது அமைதியாயிருக்கும் குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுக. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை 40, அன்றி அவற்றின் மேற்படின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. விலா உள்வாங்குதல், பால் குடியாமை, நீங்கா மயக்கம், வலிப்பு என்பனவும் அத்தகைய குறிகளே. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய நோயாளர் வண்டி கட்டணமின்றி வரும். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பின் சயரோகம் உண்டோவெனச் சளியைப் பரிசோதிப்பித்தல் வேண்டும்.

வயிற்றோட்டத்துக்கும் இவ்வாறே. ஜீவனி போன்ற கரைசற் பொடி கிடையாதவிடத்து, கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்புங் கரைத்து அடிக்கடி கொடுக்க. தாய்ப்பாலையும் கஞ்சியையும் நிறுத்தலாகாது. மலத்தில் இரத்தங் காணினும், கண் குழிவிழினும் வீட்டில் வைத்திருத்தல் தகாது.

2020 டிசம்பரில், கேகாலையில் ஒருவர் தேனுஞ் சாதிக்காயுஞ் சேர்த்துச் செய்த பாணி கொரோனாவைத் தடுக்குமென்று கேட்டு ஆயிரக்கணக்கானோர் ஒருவரையொருவர் நெருக்கிக் கூடினர். அதனைப் பருகியவருட் சிலர் பின்னர் அந்நோயே கண்டனர். தேனுக்கும் சாதிக்காய்க்கும் இதனால் இழுக்கில்லை. அவற்றின் ஆற்றலுக்கு மேற்பட்ட வேலையை அவற்றின்மேற் சுமத்தியமையே இழுக்கு.

ஆதலால் ஆசிரிய அன்பர்களே, சுகாதாரப் பாடவேளையில் ஐந்தாம் வகுப்புக்கு மேற்பட்ட மாணவர்க்கு இரண்டு காரியங்களைப் பழக்குக. ஒன்று, மல்லிக் குடிநீர் காய்ச்சுதல். மற்றொன்று, கடிகாரம் பார்த்துத் தம்பி தங்கையரின் மூச்சை எண்ணுதல். தாயுந் தந்தையும் கொழுந்து மலையில் நிற்கும் பொழுதிலே, வீட்டிலிருக்கும் பிள்ளை இவ்விரண்டையும் அறிந்திருப்பின் ஓருயிர் காக்கப்படும்.