“இது எந்த நாட்டுக்குச் செஞ்சது, தம்பி?”

ஒரகடம் பக்கம் உதிரிபாகத் தொழிற்சாலைகளுக்குள் மிஷின் கன்ட்ரோல் வேலைக்குப் போனால், பல இடங்களில் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள். லேப்டாப்பை மட்டும் சீரியல் எண் எழுதிக்கொண்டு விடுவார்கள். ஹாட்ஸ்பாட்டுக்கு வழியில்லை, உள்ளே உள்ள வைஃபையும் வெளியாளுக்குக் கிடைக்காது. அதனால்தான் ரிச்சி தெருவில் சிம் போடும் வசதியுள்ள பழைய லேப்டாப்பாகத் தேடி வாங்கினேன். அமெரிக்காவில் ஓடிவிட்டு வந்தது. உள்ளே சியர்ரா வயர்லெஸ் இஎம்7455 மோடம்.

ஜியோ சிம்மைப் போட்டேன். சிம்மைக் காட்டியது, நெட்வொர்க் ஏறவில்லை. இரண்டு ராத்திரி ஏபிஎன்னை மாற்றிப் பார்த்தேன், டிரைவரை அழித்து ஏற்றினேன், கடைசியில் விண்டோஸையே புதிதாகப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

மாத்தூரில் நான் குடியிருக்கும் வீட்டின் கீழ்ப்பகுதியில் ஓர் அக்கா இருக்கிறார். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் டெஸ்டிங் லைனில் வேலை பார்த்தவர். 2006இல் தொடங்கி, 2014 நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றுபோன ஆலை அது. என் புலம்பலைக் கேட்டவர் செட்டிங்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. “இது எந்த நாட்டுக்குச் செஞ்சது, தம்பி? எந்தெந்த பேண்டு எடுக்கும்னு பாத்தியா?” என்றார்.

நான் பார்க்கவில்லை. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, அதாவது பேண்டு 5, 3, 40. இஎம்7455இல் 3, 5 உண்டு, 40 கிடையாது. இதே வரிசையில் ஆசியாவுக்கென்று வந்த இஎம்7430இல் 40 உண்டு. பிஎஸ்என்எல் 4ஜி வரும் 700உம் என் மோடத்தில் இல்லை, 2100 இருக்கிறது. ஜியோவின் மூன்றில் இரண்டு கிடைத்தால் எனக்குப் போதும். அதிலும் 850 இருப்பது பெரிய விஷயம். தகர ஷெட்டுக்குள், இரும்பு ரேக்குகளுக்கு நடுவே, 2300ஐவிட அதுதான் நன்றாக ஊடுருவும்.

ஆக, பேண்டில் குறையில்லை. பிறகு ஏன் ஏறவில்லை? அக்காவின் கேள்வியிலேயே அதற்கும் பதில் இருந்தது. மோடத்தின் ஃபர்ம்வேர் ஓர் அமெரிக்க நெட்வொர்க் நிறுவனத்துக்கென்று அமைக்கப்பட்டது. இந்த மோடத்தில் ஃபர்ம்வேரும், நெட்வொர்க் நிறுவனத்துக்கான அமைப்புக் கோப்பும் தனித்தனி. இரண்டும் பொருந்தாவிட்டால் ரேடியோ குறைந்த மின்நிலைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். எந்த நிறுவனத்துக்கும் உரியதல்லாத ‘ஜெனரிக்’ தொகுப்பை ஏற்றியதும் விழித்துக்கொண்டது. ஏற்றும் முன் பழைய பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், சார்ஜரைக் கழற்றாதீர்கள். லேப்டாப் கம்பெனியின் டிரைவரையே போடுங்கள். மோடம் வேறொரு கம்பெனியுடையது என்றாலும், அமெரிக்க எஃப்சிசி விதிக்காகப் போடப்பட்ட பூட்டைச் சில மாடல்களில் லேப்டாப் கம்பெனியின் டிரைவர்தான் திறக்கும். லினக்ஸ்காரர்களுக்கு ஒரு சொல்: மோடம்மேனேஜர் 1.18.4 முதல் அந்தப் பூட்டைத் தானாகத் திறப்பதில்லை, ஸ்கிரிப்டை நீங்கள்தான் இயக்கத்தில் வைக்க வேண்டும்.

ஏபிஎன் அதற்கப்புறம்தான். பழைய நிறுவனத்தின் ப்ரொஃபைலை அழித்துவிட்டு, ஜியோவுக்கு ‘ஜியோநெட்’ என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி விடாமல் அடித்தேன். புது சிம்மை முதலில் போனில் போட்டு வெரிஃபிகேஷனை முடித்துவிடுங்கள். லேப்டாப்பில் அது முடியாமல் திண்டாடிய நண்பர் உண்டு.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சிலவற்றில் சிம் துவாரம் இருக்கும், மோடம் கார்டு இருக்காது. கார்டு இருந்தாலும் ஆன்டெனா ஒயர் இரண்டும் இருக்க வேண்டும். கார்டைப் பிறகு வாங்கிப் போடலாம் என்று நினைக்காதீர்கள். பழைய மாடல்கள் சிலவற்றில் பயாஸ் பட்டியலில் இல்லாத கார்டைச் செருகினால் லேப்டாப் பூட் ஆகவே ஆகாது.

கேட் பாஸில் ‘சிம் உள்ளது’ என்று எழுதி, பிளான்ட் ஐடி ஆளிடம் அனுமதி வாங்கிவிடுகிறேன். மிஷின் ஈதர்நெட் ஒயர் லேப்டாப்பில் இருக்கும் நேரம் மோடத்தை அணைத்துவிடுவேன். ஒரு மிஷினின் பாதுகாப்பு என் வசதியைவிடப் பெரிது.

வல்லம் வடகால் ஷெட் ஒன்றிலிருந்து முதல் முறையாக லாக் ஃபைலை அனுப்பிய அன்று மாலை, குறித்து வந்த சிக்னல் எண்களை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“பேண்டு அஞ்சு. மைனஸ் தொண்ணூத்தேழு. ஷெட்டுக்குள்ளயா? பாஸ்.”