சத்திரசிகிச்சையின் பின் யோகப்பயிற்சி

உதரத்திலே சத்திரசிகிச்சை பெற்று வீடு திரும்பியவர் இருவகைத் தவறு செய்தல் கூடும். ஒன்று, அசைந்தால் தையல் விட்டுப்போமென்று அஞ்சிப் பாயோடு கிடத்தல். மற்றொன்று, மேற்காயம் ஆறியவுடனே முன் பழகிய ஆசனங்களையெல்லாம் மீளத் தொடங்குதல். இவ்விரண்டையும் யாமே செய்தோம். முன்னையதனால் மார்பிற் சளி கட்டி வருந்தினோம். பின்னையது இதனினுங் கொடிது. ஐந்தாம் வாரத்திலே மாணாக்கருக்குக் காட்டும் விருப்பினால் தனுராசனஞ் செய்தோம். சில நாளில் வடுவின் கீழ் ஒரு புடைப்புத் தோன்றிற்று. அது குடலிறக்கமென்று வைத்தியர் கூற, மீளவுஞ் சத்திரசிகிச்சைக்கு ஆளாயினோம். எம்முடைய பிழை பிறர்க்குப் பாடமாகுக என்று இதனை எழுதுகின்றோம்.

1. அசைதல் வேண்டுவது ஏன்?

முற்காலத்து வைத்தியர் நோயாளரை வாரக்கணக்காகப் படுக்கையிற் கிடத்தினர். 1899 ஆம் ஆண்டிலே சிக்காகோ நகரத்து எமில் றீஸ் என்பவர் விரைவில் எழுப்புதலே நன்றென எழுதினார். 1940 முதலான ஆண்டுகளிலேதான் அம்முறை பரவலாயிற்று. கிடந்தபடி கிடப்பின் நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கிச் சளி தங்கும். காலின் நாளங்களில் இரத்தம் உறையும். குடலின் இயக்கமுந் தளரும்.

2. பொறுத்தல் வேண்டுவது ஏன்?

தோலின் தையல் பெரும்பாலும் இரண்டு வாரத்துள் எடுக்கப்படும். ஆயினும் வயிற்றுச் சுவரின் வலிமை தோலிலன்று, அதன் கீழுள்ள நாருறையிலேயே உள்ளது. அவ்வுறை ஆறு வாரத்திலே ஏறக்குறைய அரைப்பங்கு வலிமையே பெறும். பல மாதஞ் சென்றாலும் பழைய வலிமையில் நூற்றுக்கு 80 பங்களவே எய்தும். ஆதலின் கண்ணுக்குத் தோன்றும் வடுவைக் கொண்டு உள்ளாறுதலை அளத்தல் தவறாம்.

3. பயிலும் முறை

முதற்படி வைத்தியசாலைப் படுக்கையிலேயே தொடங்கும். மல்லாந்து முழங்கால்களை மடக்கி, மூக்கினால் மெல்ல ஆழ்ந்து மூச்சை வாங்கி விடுக. விழித்திருக்கும் பொழுதெல்லாம் மணிக்குப் பத்து மூச்சு அமையும். கணுக்கால்களை மேலுங் கீழும் அசைக்க. இருமல் வரின் தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துக்கொண்டு இருமுக. எழும்போது நேரே நிமிராது, ஒருக்கணித்துத் திரும்பிக் கையூன்றி எழுக.

இரண்டாம்படி ஆறாம் வாரம் வரைக்குமுரியது. நாடோறுஞ் சிறிது மிகுத்து நடத்தல், முழங்காலின்கீழ்த் தலையணையிட்டுச் சவாசனத்திற் கிடத்தல், நாற்காலியில் இருந்து தோள்களைச் சுழற்றல் என்பன போதும். கிணற்றில் நீரள்ளுதலும், பெருங் கொப்பிக்கட்டைச் சுமத்தலும் ஆகா.

மூன்றாம்படி, வைத்தியரின் அனுமதி பெற்றபின் தொடங்குவது. மல்லாந்து கிடந்து இடுப்பை மெல்லச் சாய்த்தலும், மார்ச்சாரியாசனமும், தாடாசனமும் இதிலடங்கும். மூச்சை அடக்குதல் கூடாது. காயம் இழுத்து வலித்தாலும், வயிற்றின் நடுவே புடைத்தாலும் உடனே நிறுத்துக.

தனுராசனம், புசங்காசனம், பச்சிமோத்தானாசனம், மயூராசனம், சர்வாங்காசனம், கபாலபாதி, உட்டியானபந்தம் என்பவற்றை மூன்று மாதமேனும் விலக்குக. சிறுதுளைவழிச் சிகிச்சை பெற்றவர் விரைவிலே தேறுவராயினும், அவர்க்கும் வைத்தியர் குறித்த எல்லையே எல்லை.

காய்ச்சல், காயத்திற் சிவப்பு அல்லது சீழ், ஓயாத வாந்தி, கெண்டைக்கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் பயிற்சியை விடுத்து வைத்தியசாலைக்கு விரைக.

4. இதுவும் யோகமோ?

மூச்சு வாங்கிக் கிடத்தல் யோகமாகுமோ என யாமும் ஒருகால் நாணினோம். திருமூலர் திருமந்திரத்து மூன்றாந் தந்திரத்திலே யோகத்தின் எட்டு உறுப்புக்களை வகுக்கையில் இயமத்தையே முதலில் வைத்தார். இயமத்துள் அடங்குவது கொல்லாமை. பிறவுயிரை வருத்தாமைக்கு வேராகிய அருள் தன் புண்பட்ட உடம்பின்மேலுஞ் செல்லுதல் தகும். பதஞ்சலியாரும் ஆசனத்துக்கு உறுதியோடு சுகத்தையும் இலக்கணமாக்கினார். சுகமில்லாத தனுராசனத்தினும் சுகமுள்ள சவாசனமே ஆசனமாதற்குத் தக்கது. இதனை யாம் இரண்டாஞ் சத்திரசிகிச்சையின் பின்னரே கற்றோம்; நீவிர் முதலாவதன் முன்னரே கற்பீராக.

தேர்ச்சி வினாக்கள்

1. படுக்கையிற் கிடப்பதனால் வருந் தீங்குகள் எவை?
2. தோல் ஆறியும் பொறுத்திருத்தல் ஏன்?
3. எழும்பும் முறை யாது?
4. மூன்று மாதம் விலக்கத்தக்கன எவை?