உதவி ஆசிரியரும் தலையங்கமும்

கேள்வி: பத்திரிகைக் காரியாலயத்தில் உதவி ஆசிரியருக்கு என்ன வேலை? தலையங்கத்தை அவர் எழுதுவதில்லையா?
– ஒரு வாசகர், கொட்டிவாக்கம்

பதில்: நிருபர் அனுப்பும் பிரதியைத் திருத்திச் சுருக்கி, ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழாக்கி, தலைப்புக் கொடுத்து அச்சுக்கு அனுப்புகிறவரே உதவி ஆசிரியர்; தலையங்கமோ பத்திரிகையின் சொந்த அபிப்பிராயமாதலால் ஆசிரியரின் பொறுப்பிலேயே நிற்கும். ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-இல் தொடங்கிய ‘சுதேசமித்திர’னில் 1904-இல் உதவி ஆசிரியராக அமர்ந்த பாரதியார், ஆங்கிலத் தந்திகளையும் பிரசங்கங்களையும் மொழிபெயர்த்துவந்தாரேயன்றி, தலையங்கம் எழுதும் உரிமை அவருக்கு இருக்கவில்லை. ஆயினும் அந்தப் பயிற்சி வீண்போகவில்லை என்பதே என் திடமான எண்ணம். உலக விஷயங்களை எளிய தமிழில் சொல்லும் பழக்கம் அங்கேதான் அவருக்குக் கைகூடிற்று. 1906-இல் ‘இந்தியா’ வாரப் பத்திரிகை தோன்றியபின், அவர் மனத்தில் தேங்கியிருந்ததெல்லாம் அதன் தலையங்கங்களாகவே வெளிவந்தது. தாங்களும் நாளைக் காலையில் பத்திரிகையை விரிக்கையில், செய்தி எது, அபிப்பிராயம் எது என்று பிரித்து வாசித்துப் பாருங்கள்.