வேட்டைத் துப்பாக்கிக்கு இலகுவான கட்டையைப் பொருத்தும் முறை

துப்பாக்கி என்பது இரும்பும் கட்டையும் சேர்ந்த கருவி. இரும்பு குண்டைச் செலுத்துகிறது. கட்டை அவ்விரும்பைத் தாங்கிச் சுடுகிறவனுடைய தோளோடு சேர்க்கிறது. இரும்பிலுள்ள குற்றத்தைக் கண்டுகொள்வது எளிது. கட்டையிலுள்ள குற்றமோ வெளிக்குத் தெரியாமலிருந்து, குறி தவறிய பின்னரே புலப்படும். ஆகையால் பழைய கட்டையைக் கழற்றிவிட்டு இலகுவான புதுக்கட்டையைப் பூட்ட விரும்புவோர், அவ்வேலையின் தத்துவத்தை முதலில் அறிந்துகொள்ளுதல் அவசியம்.

இந்தப் பாடம் உரிமம் பெற்று வேட்டையாட அனுமதியுள்ள தேசங்களில், முக்கியமாக அமெரிக்காவில், நடைபெறும் தொழிலைப் பற்றியது. இந்தியாவில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், அதற்கு 1991-ம் வருஷத்தில் செய்யப்பட்ட திருத்தமும் வேட்டையை விலக்கியுள்ளன. எனினும், இங்கே சொல்லப்படும் மர வேலை விதிகள் இரும்பைக் கட்டையிற் பதிக்கும் எல்லாத் தொழிலாளருக்கும் பயன்படத்தக்கவை.

1. கட்டையை மாற்றுவதற்குக் காரணம்

துப்பாக்கிக் கட்டைக்கு நெடுங்காலமாக உபயோகப்பட்டு வந்தது அக்ரோட்டு மரம். 1898-ம் வருஷத்து ஜெர்மானிய மௌஸர் துப்பாக்கியும், 1936-ல் வெளிவந்த வின்செஸ்டர் 70-ம் அக்ரோட்டுக் கட்டையுடனேயே புகழ் பெற்றன. அம்மரம் உறுதியும் அழகும் உடையது. ஆயினும் மற்றெல்லா மரங்களையும்போல் ஈரத்தை உறிஞ்சும், உலர்ந்தால் சுருங்கும். நார் ஓடும் திசையில் இந்த மாறுதல் மிகச் சொற்பம். குறுக்குத் திசையில் அதிகம். அலாஸ்காவின் கரையோர மழையில் ஒரு வாரம் நனைந்த கட்டை, முன்பக்கத்தில் சற்றே முறுக்கிக்கொண்டு குழலை ஒரு புறமாகத் தள்ளும். அதே கட்டை கொலராடோவின் வறண்ட மலைக் காற்றில் சுருங்கித் திருகாணிகளைத் தளரச் செய்யும்.

இதனால் விளையும் தீங்கைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 100 கஜ தூரத்தில் குண்டு 3 அங்குலம் விலகினால், 300 கஜத்தில் அவ்விலகல் 9 அங்குலமாகும். மானின் இருதயமும் நுரையீரலும் அமைந்த இடத்தின் அகலம் சுமார் 8 முதல் 10 அங்குலமே. அதன் நடுவைக் குறிவைத்துச் சுட்ட குண்டு, 9 அங்குலம் விலகினால், அந்த இடத்திற்கு அப்பால் பட்டு, பிராணி உடனே மடியாமல் காயத்தோடு காட்டுக்குள் ஓடிப் பல நாள் துன்புற்று இறக்கும். குறியில் பிழையில்லாதபோதும் கட்டையின் பிழையால் இக்கொடுமை நேரிடும். கட்டையைச் சரியாகப் பொருத்துவது வேட்டைக்காரனுடைய வசதிக்காக மட்டுமன்று என்பதை இதனால் அறியலாம்.

இரண்டாவது காரணம் பாரம். ராக்கி மலைகளில் எல்க் என்னும் பெரிய மானினத்தைத் தேடுவோர் 8,000 அடிக்கு மேற்பட்ட உயரங்களில் நாள் முழுதும் ஏறி இறங்க வேண்டும். அக்ரோட்டுக் கட்டை ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையுள்ளது. கார்பன் நாராலும், 1965-ல் கண்டுபிடிக்கப்பட்ட கெவ்லார் என்னும் நாராலும் செய்யப்படும் இலகுவான கட்டைகள் அதிற் பாதியளவே நிறுக்கும். இவை ஈரத்தாலும் உலர்ச்சியாலும் உருமாறுவதில்லை.

2. வாங்குமுன் ஆராய வேண்டியவை

இக்கட்டைகள் பெரும்பாலும் துப்பாக்கி செய்யும் தொழிற்சாலையில் செய்யப்படாமல், வேறு தொழிற்சாலைகளால் தனியே செய்து விற்கப்படுபவை. ஆகையால் கீழ்க்கண்ட மூன்று விஷயங்களைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது, பொருள். அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டிக் கட்டையும் கையால் நார் அடுக்கிச் செய்த கட்டையும் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். பிளாஸ்டிக் கட்டையின் முன்பாகத்தைக் கையாற் பிடித்து அழுத்தினால் வளைந்து குழலைத் தொடும். அதன்மேல் பிசினும் நன்றாக ஒட்டாது. நார்க் கட்டை வளையாது, பிசினையும் பற்றிக்கொள்ளும்.

இரண்டாவது, உதை. துப்பாக்கியின் பாரம் குறைந்தால் தோளின்மேல் தாக்கும் உதை அதிகரிக்கும். ஒரே தோட்டாவைச் சுடும்போது உதையின் சக்தி துப்பாக்கியின் எடைக்கு எதிர் விகிதமாக இருப்பதால், 8 பவுண்டுத் துப்பாக்கியை 7 பவுண்டாகக் குறைத்தால் உதை ஏழில் ஒரு பங்கு கூடும். உதைக்கு அஞ்சிக் கண்ணை மூடிச் சுடுகிறவனுக்கு இலகுவான துப்பாக்கியால் நன்மையில்லை. நல்ல ரப்பர் உதைமெத்தையை அடியில் பொருத்துவது இதற்கு ஓரளவு பரிகாரம்.

மூன்றாவது, அளவு. சுடும் விசையிலிருந்து கட்டையின் அடி வரையுள்ள நீளம் சாதாரணமாக 13½ அங்குலம். கை குட்டையானவர்க்கு இதைக் குறைக்க வேண்டும். கன்னம் படியும் மேடு, தூரதிருஷ்டிக் கண்ணாடிக்கு நேராகக் கண் வந்து சேரும் உயரத்தில் இருக்க வேண்டும்.

3. படுகை என்பது யாது

குழலுக்குப் பின்னால் தோட்டாவை ஏற்று அடைக்கும் இரும்புப் பாகத்திற்கு ரிசீவர் என்று பெயர். இதன் அடிப்புறத்தில் முன்பக்கமாகக் கீழ்நோக்கி நிற்கும் ஒரு சிறு இரும்புக் கட்டியுண்டு. அதை உதைதாங்கி எனலாம். மௌஸர் துப்பாக்கியில் இது ரிசீவரோடு ஒன்றாகவே செய்யப்பட்டது. 1962-ல் வெளிவந்த ரெமிங்டன் 700-ல் இது குழலுக்கும் ரிசீவருக்கும் இடையே செருகப்பட்ட தனித் தகடு. வெடித்தவுடன் பின்னோக்கிப் பாயும் வேகம் முழுவதையும் கட்டைக்குள் ஒப்படைப்பது இவ்வுதைதாங்கியே. திருகாணிகளின் வேலை இரும்பைக் கட்டையோடு இறுக்கிப் பிடிப்பது மட்டும். உதையைத் தாங்குவது அவற்றின் வேலையன்று.

ரிசீவரும் உதைதாங்கியும் கட்டையில் அமரும் குழிக்குப் படுகை என்று பெயர். நாற்காலியின் நான்கு கால்களும் தரையிற் பதியாவிடில் அது ஆடுவதுபோல, ரிசீவர் படுகையில் முற்றும் பதியாவிடில் ஒவ்வொரு வெடிக்கும் சற்றே இடம் மாறி அமரும். அப்பொழுது குண்டுகள் ஓரிடத்தில் விழாமற் சிதறும். மேடு பள்ளமான படுகையில் திருகாணியை இறுக்கினால் இரும்பே வளைந்து நிற்கும் என்பது மற்றொரு தீங்கு. விற்பனைக்கு வரும் கட்டை எவ்வளவு நன்றாகச் செய்யப்பட்டிருப்பினும், ஒவ்வொரு ரிசீவரின் அளவிலும் சிறு வேற்றுமை இருப்பதால், எபாக்சிப் பிசினை ஊற்றி அந்த இரும்பின் அச்சுப்படியே படுகையை அமைப்பது வழக்கமாயிற்று.

4. வேலை செய்யும் கிரமம்

(அ) தோட்டாப் பெட்டியையும் வெடி அறையையும் திறந்து, துப்பாக்கி வெறுமையாயிருப்பதைக் கண்ணாலும் விரலாலும் நிச்சயித்துப் போல்ட்டைக் கழற்றி அப்பால் வைக்க வேண்டும். தோட்டாக்கள் வேலை செய்யும் அறையிலேயே இருத்தலாகாது.

(ஆ) பிசினின்றி இரும்பைப் புதுக்கட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். பலவந்தமின்றித் தானே இறங்குதல் வேண்டும். தோட்டாப் பெட்டி ரிசீவருக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே நெரிபடாமல் சற்றே அசையும்படி இருத்தல் வேண்டும். நெரிபட்டால் திருகாணியின் இறுக்கம் முழுவதும் பெட்டியின்மேல் சென்று படுகை பயனற்றதாகும். போல்ட்டின் கைப்பிடி, சுடும் விசை, காவல் விசை ஆகியவை கட்டையை எங்கும் உராயலாகாது.

(இ) குழலுக்கும் அதற்குரிய வாய்க்காலுக்கும் இடையே சுமார் பதினாறில் ஒரு அங்குல இடைவெளி விடவேண்டும். குழல் சுடும்போது அதிர்வதும் சூடேறுவதும் இயல்பு. அது எதையும் தொடாதிருந்தால் ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாக அதிரும். காகிதத் துண்டைக் குழலின்கீழ்ச் சுற்றி நுனியிலிருந்து ரிசீவர் வரை இழுத்துப் பார்த்தால் தடை இருக்குமிடம் தெரியும். மெல்லிய குழல்கள் சில, முன்நுனியில் சிறு தாங்கல் இருந்தால் நன்றாகச் சுடுவதுண்டு. எனினும் முதலில் தாங்கலின்றிச் சோதிப்பதே முறை.

(ஈ) இலகுவான கட்டைகளின் உள்ளே மென்மையான நுரைப்பொருள் நிறைந்திருக்கும். திருகாணியை இறுக்கினால் அது நசுங்கும். ஆகையால் திருகாணி செல்லும் துளைகளில் அலுமினியக் குழாய்களைத் தூண்போல நிறுத்திப் பிசினால் ஒட்ட வேண்டும். குழாயின் துளை திருகாணியைவிடச் சற்றுப் பெரிதாயிருத்தல் அவசியம். திருகாணி அதன் சுவரைத் தொட்டால் உதை அதன்மேல் விழும்.

(உ) படுகையின் உட்புறத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கிச் சாராயத்தால் துடைக்க வேண்டும். நார்த்தூள் மூச்சிற் செல்லாதபடி முகத்தை மூடிக்கொள்ளவும், பிசின் தோலிற் படாதபடி கையுறை அணியவும் மறக்கலாகாது.

(ஊ) உதைதாங்கியின் முன்முகம், இரு பக்கங்கள், அடி ஆகியவற்றில் ஒரு சுற்று நாடா ஒட்ட வேண்டும், பின்முகத்தில் ஒட்டலாகாது. பின்னர் நாடாவை நீக்கும்போது பின்முகம் மட்டுமே கட்டையில் பொருந்தி, ஏனைய முகங்களில் சொற்ப இடைவெளி நிற்கும். குழல் வாய்க்காலின் நடுவில் நிற்கும்படி நுனிப் பக்கத்தில் குழலின்மேல் தேவையான கனத்திற்கு நாடா சுற்ற வேண்டும். ரிசீவரிலுள்ள துளைகளையும் பள்ளங்களையும் களிமண்ணால் அடைக்க வேண்டும்.

(எ) பிசின் படக்கூடிய எல்லா இரும்பிலும், திருகாணிகளிலுங்கூட, மெழுகை இருமுறை பூசித் துடைக்க வேண்டும். இதில் ஓரிடம் விடுபட்டாலும் இரும்பு கட்டையோடு ஒட்டிப்போகும். இந்த வேலையில் நேரும் பெரிய விபத்து இதுவே.

(ஏ) பிசினின் இரு பகுதிகளையும் செய்தவர் குறித்த அளவுப்படி எடுத்து, குமிழி எழாமல் மெதுவாகக் கலக்க வேண்டும். முதலில் உதைதாங்கியின் குழியை அடியிலிருந்து நிரப்பிப் பின்னர் ரிசீவரின் பின்பகுதிக்கு இடவேண்டும். இரும்பை இறக்கித் திருகாணிகளை விரலளவே திருக வேண்டும். இச்சமயத்தில் வலிந்து இறுக்கினால் இரும்பு வளைந்து, அவ்வளைவே படுகையில் என்றும் நிலைத்துவிடும்.

(ஐ) வழிந்த பிசினைத் துடைத்து ஒரு நாள் முழுதும் அசையாமல் வைக்க வேண்டும். பின்பு இரும்பை நேராக மேலே தூக்கிக் கழற்ற வேண்டும். சாய்த்தால் படுகையின் விளிம்பு உடையும். இறுகிக்கொண்டால் சில மணி நேரம் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுத்து, மரச்சுத்தியால் மெல்லத் தட்டினால் பெரும்பாலும் விடுபடும்.

5. சோதனை

நாடா, களிமண், மெழுகு யாவற்றையும் நீக்கிய பின்னர், முறுக்களவு காட்டும் திருகுசாவியால் திருகாணிகளை இறுக்க வேண்டும். பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு இவ்வளவு 40 முதல் 65 அங்குல-பவுண்டு வரை இருக்கும். கட்டை செய்தவர் குறித்த அளவு எதுவோ அதையே கொள்ளவேண்டும். முன் திருகாணி நீண்டிருந்து போல்ட்டை உராய்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்து, குழலும் கட்டையின் முன்நுனியும் சேருமிடத்தில் விரலை வைத்துக்கொண்டு முன் திருகாணியைத் தளர்த்த வேண்டும். குழல் எழும்புவது விரலுக்குத் தெரிந்தால் படுகையில் இழுவிசை இருக்கிறதென்று பொருள். பிசினைச் சுரண்டி வேலையை மறுபடி செய்ய வேண்டும். அளவுக் கருவியால் பார்ப்பவர்கள் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட அசைவை ஏற்பதில்லை. வெறும் துப்பாக்கியில் காவல் விசை சரியாகப் பிடிக்கிறதா என்பதையும் பலமுறை பார்த்தல் வேண்டும்.

கட்டையை மாற்றிய துப்பாக்கியின் பழைய குறி இனிச் செல்லாது. ஆகையால் சுடுமைதானத்தில், குழலை ஆறவிட்டு மும்மூன்று குண்டுகளாகச் சுட்டுக் குறியைப் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டும். அதன்பின் இரும்பைக் கட்டையிலிருந்து கழற்றி, மறுபடி அதே முறுக்களவில் பூட்டிச் சுட வேண்டும். குண்டுகள் முன்போல் அதே இடத்தில் விழுமாயின் படுகை நன்கு அமைந்ததென்று கொள்ளலாம். விழாவிட்டால் அத்துப்பாக்கியை மலைக்கு எடுத்துச் செல்லலாகாது.

6. நினைவிற் கொள்ள வேண்டியவை

கட்டையின் பாரம் குறைவது விலை கொடுத்தால் கிடைக்கும். பொருத்தம் கைவேலையால்தான் கிடைக்கும்.
உதையைத் தாங்குவது உதைதாங்கியின் பின்முகம், திருகாணியன்று.
இரும்பு வளையாமல் அமர வேண்டும். குழல் தொடாமல் நிற்க வேண்டும்.
மெழுகு பூசாத இடம் ஒன்றும் இருத்தலாகாது.
சோதித்துப் பாராத துப்பாக்கியால் உயிருள்ள பிராணியைச் சுடுதல் தகாது.

வினாக்கள்

1. மரக்கட்டை எத்திசையில் அதிகமாக விரிந்து சுருங்கும்? அதனால் குறிக்கு நேரும் கேடு யாது?
2. 9 பவுண்டுத் துப்பாக்கியை 8 பவுண்டாகக் குறைத்தால் உதை எவ்வளவு கூடும்?
3. உதைதாங்கியின் பின்முகத்தில் நாடா ஒட்டாததற்குக் காரணம் யாது?
4. பிசின் காயுமுன் திருகாணியை வலிந்து இறுக்கினால் விளைவது என்ன?