பருந்தும் திருக்கையும்

வேலப்பன்சாவடி வானில் வட்டமிடும் கரும்பருந்தையும், மன்னார் வளைகுடாவில் காணப்படும் ஆனைத் திருக்கையையும் ஒப்பிட்டுப் பார்ப்போமா?

பருந்தின் சிறகு, முன்கால் மாறியமைந்த உறுப்பு. எலும்பும் இறகும் கொண்டது. திருக்கையின் சிறகோ விரிந்த மார்புத் துடுப்பு, குருத்தெலும்பாலானது. பருந்து நுரையீரலாலும், திருக்கை செவுள்களாலும் சுவாசிக்கின்றன. வளைந்த அலகுடைய பருந்து இறைச்சி உண்ணும். 7 மீட்டர் வரை அகலம் விரியும் திருக்கையோ, பெரும்பாலும் நீரில் மிதக்கும் சிற்றுயிர்களையே வடிகட்டி உண்ணும்!

பருந்து ஒரு முறைக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடும். திருக்கையோ ஏறத்தாழ ஓராண்டு சுமந்து, பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகலாம். ஆகவேதான், செவுள் தட்டுகளுக்காகப் பிடிக்கப்படும் இம்மீன் விரைவில் குறைகிறது. 2020-இல் இது அழியும் அபாயத்திலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது.

சிறகுகள் ஒன்றுபோல் தோன்றினும், இழப்பை ஈடுசெய்யும் வேகம் ஒன்றன்று என்பதை நினைவிற் கொள்வோம்.