கம்பெனிக் காகிதத்தைக் கோர்ட் வழியே கேட்பவருக்கு

அப்பா ஆரம்பித்த பிரைவேட் லிமிடெட் கம்பெனி. அவர் காலத்துக்குப் பிறகு பங்கு எல்லாப் பிள்ளைகள் பேரிலும் இருக்கும். பீரோ சாவி மட்டும் ஒருவரிடம் இருக்கும். டிவிடெண்ட் வராமல் இரண்டு மூன்று வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முதலில் சொல்வது: "கம்பெனிக் கணக்கு முழுக்கக் கோர்ட் வரவழைக்கணும் சார்." அவர்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த "முழுக்க" என்ற ஒரு சொல்லாலேயே தோற்ற மனுக்களைப் பார்த்திருக்கிறேன்.

செய்ய வேண்டியவை

• சட்டம் ஏற்கெனவே உங்களுக்குக் கொடுத்திருப்பதை முதலில் வாங்குங்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 119ஆம் பிரிவுப்படி, பொதுக்கூட்ட மினிட்ஸ் புத்தகத்தை எந்தப் பங்குதாரரும் பதிவு அலுவலகத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். வேலை நாளில் குறைந்தது இரண்டு மணி நேரமாவது அதற்கு விட வேண்டும். நகல் கேட்டால் ஏழு வேலை நாளில் தர வேண்டும். மறுத்தால் கம்பெனிக்கு 25,000 ரூபாய் அபராதம். உடனே காட்டச் சொல்லித் தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் உத்தரவும் போடலாம். உறுப்பினர் பதிவேட்டுக்கு 94ஆம் பிரிவு. இயக்குநர்களுக்குத் தனிப்பட்ட ஆதாயம் உள்ள ஒப்பந்தங்களின் பதிவேட்டுக்கு 189ஆம் பிரிவு. இந்தக் கடைசிப் பதிவேட்டைப் பலர் கேட்பதே இல்லை. அண்ணன் பேரில் உள்ள கோடவுனுக்குக் கம்பெனி என்ன வாடகை கொடுக்கிறது என்று தேட வேண்டிய இடம் அதுதான்.

• எழுத்தில் கேளுங்கள். போனில் கேட்டதற்குச் சாட்சி கிடையாது. பதிவு அலுவலகத்துக்கு ஒப்புகையோடு தபால் அனுப்புங்கள். நேரில் போனபோது "அடுத்த வாரம் வாங்க" என்று திருப்பி அனுப்பினால், அன்று சாயங்காலமே அதைக் குறிப்பிட்டு ஒரு மெயில் போடுங்கள்.

• புத்தகம் கைக்கு வந்தால் நிதானமாகப் புரட்டுங்கள். மினிட்ஸ் பக்கங்களுக்குத் தொடர் எண் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்து 30 நாளுக்குள் எழுதியிருக்க வேண்டும். எங்களிடம் வந்த ஒரு அம்மாவின் வழக்கில் 41ஆம் பக்கத்துக்கு அடுத்து 43 இருந்தது. புதுப் பங்குகள் ஒதுக்கச் சம்மதித்ததாகச் சொன்ன கூட்டத்தில் அவர் கையெழுத்தும் இருந்தது. அந்தத் தேதியில் அவர் ஆஸ்பத்திரிப் படுக்கையில்; டிஸ்சார்ஜ் சம்மரி பத்திரமாக இருந்தது. அதன் பிறகு நாங்கள் கேட்டது நான்கே காகிதம்: அந்தக் கூட்ட நோட்டீஸ், அதை அனுப்பியதற்கான ஆதாரம், வருகைப் பதிவு, பங்குப் பணம் வந்த மாதத்தின் பேங்க் ஸ்டேட்மென்ட். நான்கையும் தாக்கல் செய்யச் சொல்லி உத்தரவு கிடைத்தது.

• தகுதியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒடுக்குமுறை, நிர்வாகச் சீர்கேடு என்று 241ஆம் பிரிவில் மனுப் போட, வெளியிட்ட மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு உங்களிடம் இருக்க வேண்டும். அல்லது உறுப்பினர்களில் பத்தில் ஒரு பகுதியினரோ நூறு பேரோ, எது குறைவோ அத்தனை பேர் சேர வேண்டும். டாடா சன்ஸ் வழக்கில் சைரஸ் மிஸ்திரி தரப்புக்கு ஈக்விட்டியில் 18 சதவீதத்துக்கு மேல் இருந்தும், முன்னுரிமைப் பங்குகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது 10 சதவீதம் தேறவில்லை. 2017இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் விலக்குக் கொடுத்த பிறகுதான் வழக்கு நகர்ந்தது. உங்களுக்கும் குறைந்தால், மனுவோடு விலக்கும் கேளுங்கள்.

• ஆவணத்தைப் பேர் சொல்லி, தேதி சொல்லி, எந்தக் குற்றச்சாட்டை நிரூபிக்க என்றும் சொல்லிக் கேளுங்கள். ஆவணங்களை வரவழைப்பதில் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரத்தை 424ஆம் பிரிவு தீர்ப்பாயத்துக்கும் தந்திருக்கிறது.

செய்யக்கூடாதவை

• கடல் முழுக்க வலை வீசாதீர்கள். போர்டு மினிட்ஸையும் லெட்ஜரையும் பார்க்கும் உரிமை இயக்குநருக்கு உண்டு, வெறும் பங்குதாரருக்குக் கிடையாது. உத்தரவு வாங்கித்தான் பார்க்க வேண்டும். காரணம் இல்லாமல் உத்தரவு வராது.

• அக்கவுண்டன்ட்டைப் பிடித்து பாஸ்வேர்டு வாங்காதீர்கள், ஃபைலைத் தூக்கி வராதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போதே குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டி வரும்.

• வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள். புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் கூடவே வேண்டும்.

• கம்பெனியின் வக்கீல் அதற்குக் கொடுத்த ஆலோசனைக் கடிதங்களைக் கேட்டு நாளை வீணாக்காதீர்கள். பங்குதாரரிடம் அதை மறைக்க முடியாது என்ற பழைய விதி இங்கிலாந்தில் நூறு வருஷத்துக்கு மேல் பேசப்பட்டது. பெர்முடாவிலிருந்து போன ஜார்டைன் வழக்கில், 2025 ஜூலையில் லண்டன் பிரிவி கவுன்சில் அந்த விதியே இல்லை என்று சொல்லிவிட்டது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் எழுந்து நிற்பார்.

• கிடைத்த ஆவணத்தைப் போட்டிக் கம்பெனிக்கோ சொந்தக்காரர்களின் குரூப்புக்கோ அனுப்பாதீர்கள்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: கிழிக்காதீர்கள். கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகளுக்கு வைத்திருப்பது சட்டக் கடமை. கையில் இருக்க வேண்டிய காகிதத்தைக் காட்டாவிட்டால், அது உங்களுக்கு எதிராகத்தான் பேசும் என்று எடுத்துக்கொள்ளக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு.

பங்குதாரராக இருந்தும் ஒரு தடவைகூட மினிட்ஸ் புத்தகத்தைப் பார்க்காதவர்கள் நிறையப் பேர். சண்டை வரும்வரை காத்திருக்காதீர்கள். 119ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பக்கக் கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள்.