கைப்பேசிச் செயலிக்கு மேசைக் கணினியில் இடமுண்டா?

வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் போன்ற செயலிகள் கைப்பேசிக்கென்றே பிறந்தவை. மேசைக் கணினியோ கணக்கெழுதவும் பாடம் படிக்கவும் உரியது. ஒன்றை மற்றொன்றில் புகுத்துவானேன் என்று பெரியோர் பலர் கேட்கின்றனர். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இவற்றின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தால் வேறொன்று தெரிய வருகிறது.

பேஸ்புக் 2004-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. முதல் ஐபோன் வெளிவந்ததோ 2007-இல்தான். எனவே பேஸ்புக்குக்குக் கணினியே தாய்வீடு; கைப்பேசி அது பின்னாளில் புகுந்த வீடு எனலாம். இன்ஸ்டாகிராமின் கதை இதற்கு நேர்மாறானது. 2010 அக்டோபரில் அது ஐபோனுக்கு மட்டுமே வெளியிடப்பட்டது. படம் பிடிக்கும் கருவியும் அதை அனுப்பும் கருவியும் ஒன்றாய் அமைந்ததே அதன் சிறப்பு. கணினியிலிருந்து படத்தைப் பதிவிடும் வசதி எல்லாருக்கும் கிடைக்க 2021 அக்டோபர் வரை, அதாவது 11 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. அதனால் பலருக்குப் பெரிய நட்டம் நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மேசைக் கணினியைத் தூக்கிக்கொண்டு மலர்க் கண்காட்சிக்குச் செல்வார் யாரும் உண்டோ!

நாம் விரிவாக எண்ணிப் பார்க்க வேண்டியது வாட்ஸ்அப்பைப் பற்றியே. அது கணினித் திரைக்கு வந்தது 2015 ஜனவரியில். கணினியில் தோன்றும் கட்டங்கட்டமான க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியின் காமிராவால் காட்டினால் போதும். உரையாடல்கள் யாவும் பெரிய திரையில் விரியும். தொடக்கத்தில் கணினி வெறும் கண்ணாடி போலத்தான் இருந்தது. கைப்பேசியில் மின்னூட்டம் தீர்ந்தால் கணினியிலும் செய்தி நின்றுவிடும். 2021-இல் இம்முறை மாறத் தொடங்கியது. இப்போது ஒரு கைப்பேசியுடன் நான்கு கருவிகளை இணைக்கலாம். கைப்பேசி அணைந்திருந்தாலும் அவை தாமே இயங்கும். கைப்பேசியை 14 நாள் தொடாமலே இருந்தால்தான் இணைப்பு அறுபடும்.

இதனால் பயன் இல்லாமலில்லை. என் சித்தி வீட்டிலேயே தையற்கடை நடத்துகிறார். நாற்பது பேருக்கு அளவும் விலையும் எழுதியனுப்பக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். கணினியின் விசைப்பலகையில் பத்து விரலும் வேலை செய்கின்றன. கண்புரை அறுவை செய்துகொண்ட எங்கள் பாட்டிக்கோ, வெளியூரில் இருக்கும் பேரனின் முகம் கைப்பேசியில் நெல்லிக்காய் அளவில்தான் தெரியும். கணினித் திரையில் பார்த்த அன்று, "பையன் இளைத்துவிட்டானே!" என்று கண்கலங்கினார். இளைத்தது என்னவோ உண்மைதான்.

அப்படியானால் தடையென்ன? திரையின் அளவு அன்று. கணினி யாருடையது என்பதே கேள்வி. கைப்பேசி ஒருவருடையது. கணினியோ வீட்டில் நால்வருக்கும், கடையில் ஊருக்கும் பொது. விண்ணப்பமோ மதிப்பெண் பட்டியலோ வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதை அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்கு ஓடுகிறோம். கடைக் கணினியில் நம் வாட்ஸ்அப்பைத் திறந்து, தாளைப் பெற்று, காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். வெளியேற மறந்தால் நம் வாட்ஸ்அப் அங்கேயே திறந்து கிடக்கும். அடுத்து அமர்பவர் யாரோ! 2016 முதல் வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புவோருக்கும் பெறுவோருக்கும் மட்டுமே தெரியுமாறு பூட்டப்பட்டே செல்கின்றன. ஆனால் பூட்டு வழிப்பயணத்திற்குத்தான். திறந்து கிடக்கும் திரைக்கு அது காவலன்று.

நம் செய்தி மட்டும் வெளியானால் நம்மோடு போயிற்று எனலாம். தோழி ஒருத்தி தன் வீட்டுத் துயரத்தை நம்மிடம் மட்டும் என்று எழுதியிருப்பாள். வகுப்புக் குழுவிலுள்ள அத்தனை பேரின் தொலைபேசி எண்களும் படங்களும் அதில் இருக்கும். அம்மாவின் கைப்பேசி என்றால் உறவினர் விவகாரம் முழுவதுமே இருக்கும். அவர்களில் எவரும் அந்தக் கடைக்கு வந்தவர் அல்லர். அவர்களைக் கேளாமலே அவர்கள் பேச்சை நாம் அங்கே விட்டு வருகிறோம். பெண்பிள்ளைகளின் படம் பிறர் கையில் சிக்கினால் என்னாகும் என்பதைப் பெற்றோர்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, சொந்தக் கணினியில் வாட்ஸ்அப் தாராளமாகக் குடியிருக்கட்டும். அயலார் கணினியில் அதைத் திறக்கவே வேண்டாம் என்பதே என் கட்சி. அச்செடுக்க வேண்டிய தாளை மின்னஞ்சலில் கடைக்காரருக்கு அனுப்பிவிடலாம். அல்லது பென்டிரைவில் கொண்டுபோகலாம். ஏற்கெனவே எங்கேனும் திறந்து விட்டுவந்தவர்கள் மீண்டும் அக்கடைக்கு ஓட வேண்டியதில்லை. கைப்பேசியின் வாட்ஸ்அப்பிலேயே, இணைக்கப்பட்ட கருவிகளின் பட்டியல் இருக்கிறது. எந்தக் கருவி, கடைசியாக எப்போது இயங்கியது என்பதெல்லாம் அதில் தெரியும். வேண்டாததைத் தொட்டு, வீட்டிலிருந்தபடியே நீக்கிவிடலாம். இதைப் படிக்கும் தோழியர் இன்று மாலையே அம்மாவின் கைப்பேசியில் அப்பட்டியலைத் திறந்து பாருங்கள்.